பொட்டி எதுவா இருந்தா என்ன, கடை உள்ள இருக்கே!

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. வந்த உடனே மொக்கை போடுவான்னு நினைச்சிருந்தா, மன்னிச்சுக்கோங்க மக்களே. இன்னிக்கு கொஞ்சம் சீரியஸ் மேட்டர். நடுவுல கொசுவத்தி சுத்துவேன், பொறுத்துக்கணும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. சென்னைல எங்க ரூம்ல நாலு பேர். ஒருத்தன் பிளேஸ்டேஷன் கட்சி, ஒருத்தன் எக்ஸ்பாக்ஸ் கட்சி. "காட் ஆஃப் வார் மாதிரி ஒண்ணு உங்க பொட்டில உண்டா?"ன்னு இவன். "மாசச் சந்தால நாங்க நூத்துக்கணக்குல கேம் ஆடறோம், நீ ஒரு கேமுக்கு 4,999 அழறே"ன்னு அவன். ரெண்டு பேருக்கும் சோனிலயோ மைக்ரோசாஃப்ட்லயோ அரை ஷேர் கூட கிடையாது. ஆனா ரிலீஸ் அன்னிக்கு கட்டவுட்டுக்குப் பால் ஊத்தற ரசிகர் மன்றத் தலைவர் ரேஞ்சுக்கு கத்திக்கிட்டிருந்தானுங்க. நானும் சும்மா இல்ல. "கம்ப்யூட்டர்ல ஆடறவன்தான்டா மனுஷன்"னு நடுவுல பெட்ரோல் ஊத்திட்டிருந்தேன்.

அப்ப தியாகதுருகத்துலேர்ந்து அக்கா போன்.

"தம்பி, என் அக்கவுண்டுலேர்ந்து நீ ஏதாச்சும் பணம் எடுத்தியாடா? குழுத் தவணை கட்டலாம்னு பார்த்தா குறையுதுடா."

நான் எடுக்கல. ஸ்டேட்மெண்ட்டை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மூணு மாசத்துல 27 தடவை. 89, 159, 89, 449, திரும்ப 89... எல்லாம் ஒரே கேமுக்கு. மொத்தம் 4,613 ரூபாய். எட்டாவது படிக்கற அவ பையன்தான். யுபிஐ பின் அவனுக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. அக்காவுக்கு அந்த ஆப்பை போட்டுக் கொடுத்து, பணம் அனுப்பக் கத்துக் கொடுத்ததே அவன்தான்.

போனை அவன்கிட்ட கொடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா சொன்னான்: "அது ஃப்ரீ கேம்தான் மாமா."

என் ரூம்ல இன்னும் எந்தப் பொட்டி பெருசுன்னு சண்டை ஓடிக்கிட்டிருந்துச்சு. எனக்கு மட்டும் அதுல இருந்த ருசி போயிடுச்சு.

*

இப்ப கொசுவத்தி.

எங்க ஊர் ஆளுங்க எந்தக் காலத்துலயும் இந்தக் கன்சோல் சண்டைல இருந்ததே இல்ல. 2006-ல அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சுது இல்லையா, எங்க தெருவுக்கும் வந்துச்சு. அதுல சொருகித்தான் நான் முதல்முதலா கேம் ஆடினேன். சைனாக்காரன் காப்பியடிச்சுப் பண்ண பொட்டி, மஞ்சள் கலர் கேசட்டு. மேல "9999 இன் 1"னு போட்டிருக்கும். உள்ள போனா மரியோ, கான்ட்ரா, டாங்கி, வாத்து சுடறதுன்னு பத்துப் பதினஞ்சுதான். அதையே பேரை மாத்தி மாத்தி 9999 வரைக்கும் ஓட்டியிருப்பான். ஏமாத்துதான். ஆனா ஒரு தடவை ஏமாந்தா முடிஞ்சுது. மரியோ ஒவ்வொரு தடவை சாகும்போதும் எங்கம்மா சுருக்குப் பைக்குள்ள யாரும் கை விடல.

கொஞ்சம் வளர்ந்ததும் கள்ளக்குறிச்சில பிளேஸ்டேஷன் 2 வெச்சு மணிக்கணக்குக்குக் காசு வாங்கற கடைகள். பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடிச்சுப் போவோம். உலகம் பூரா 16 கோடி வித்த பொட்டி அது. அதுல ஒண்ணு கூட எங்க தெரு வீட்டுக்குள்ள வரல. அப்படியும் எங்களுக்கு சான் ஆண்ட்ரியாஸ் ரூட்டெல்லாம் மனப்பாடம்.

அப்புறம் வந்துச்சு பாருங்க, தமிழ்நாட்டோட நிஜமான கேமிங் மெஷின். 2011-லேர்ந்து பிளஸ் டூ பசங்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப். படிக்கத்தான் கொடுத்தாங்க, படிக்கவும் செஞ்சோம், நம்புங்க :-) ஆனா வைஸ் சிட்டியும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் ஏறாத ஒரு லேப்டாப்பை நான் பார்த்ததில்ல. இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல லேன் கேபிள் இழுத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சுட்டுக்கிட்டுக் கிடந்த தலைமுறை நாங்க.

ஒரு உண்மையையும் ஒத்துக்கணும். அதுல ஒரு கேமைக் கூட நாங்க காசு கொடுத்து வாங்கல. எல்லாம் பென் டிரைவ் வழியா வந்த திருட்டுச் சரக்கு. "இந்தியாக்காரன் பொட்டியும் வாங்க மாட்டான், டிஸ்க்கும் வாங்க மாட்டான்"னு கம்பெனிக்காரன் கணக்குப் போட்டதுல எங்களுக்கும் பங்கு உண்டு. வாசல்ல டிக்கெட் விக்கலைன்னா என்ன பண்ணுவான்? உள்ள இலவசமா விட்டுட்டு, உள்ளேயே கடையைப் போடுவான். போட்டுட்டான்.

*

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த எக்ஸ்குளூசிவ் சண்டையை முடிச்சுடறேன். ஏன்னா அது தானாவே முடிஞ்சுக்கிட்டிருக்கு.

எக்ஸ்குளூசிவ்னா, ஒரு படம் ஒரு தியேட்டர்ல மட்டும்தான் ஓடும்ங்கற மாதிரி. அந்தப் படம் வேணும்னா அந்தத் தியேட்டரையே விலைக்கு வாங்கணும். பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரில, விலை 49,990. அடுத்த வருஷ நவம்பர்ல 54,990 ஆச்சு. எங்க அக்காவோட குழுக் கடன் தொகையே அவ்வளவுதான்.

இப்படிப் பொத்திப் பொத்தி வெச்ச கோட்டையெல்லாம் இப்ப என்னாச்சு? காட் ஆஃப் வார் 2022 ஜனவரில கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. 2024-ல மைக்ரோசாஃப்ட் தன்னோட நாலு கேமை அடுத்தவன் பொட்டிக்கு அனுப்பிச்சு. 2025-ல ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிஎஸ்5-ல ஓட ஆரம்பிச்சுது. அதே வருஷம் அக்டோபர்ல ஹேலோவே பிளேஸ்டேஷனுக்கு வரப்போகுதுன்னு அறிவிச்சாங்க. ஹேலோ! 2001-லேர்ந்து எக்ஸ்பாக்ஸ் மன்றத்தோட கொடிக் கம்பமே அதுதான். இதுவும் புதுசு இல்ல. 2001-ல சேகா பொட்டி செய்யறதையே நிறுத்திச்சு. அந்த வருஷ டிசம்பர்லயே அவங்க சோனிக், பரம எதிரி நிண்டெண்டோ வீட்டுல ஓட ஆரம்பிச்சுது. தலைவருங்க கை குலுக்கிட்டு எப்பவோ வீட்டுக்குப் போயாச்சு. தொண்டர்கள்தான் இன்னும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கறோம்.

இதுல நம்ம நாட்டுக் கூத்து ஒண்ணு. புனேக்காரங்க பண்ண 'ராஜி', நம்ம புராணம், நம்ம கோட்டை கொத்தளம்னு அருமையான கேம். 2020 ஆகஸ்ட்ல அது முதல்ல வந்தது நிண்டெண்டோ ஸ்விட்ச்ல மட்டும். அந்த ஸ்விட்ச் இந்தியாவுல அதிகாரபூர்வமா விற்பனைக்கே வந்ததில்ல! மத்த பொட்டிகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் அக்டோபர்லதான் வந்துச்சு. ரெண்டு மாசம் நம்ம வீட்டு விசேஷத்தை அடுத்த வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தோம்.

எக்ஸ்குளூசிவ் ஆதரவாளர்கள் சொல்ற ஒரு வாதத்துல நியாயம் இருக்கு. பொட்டி விக்கணும்ங்கற போட்டி இருந்ததாலதான், காசைக் கொட்டி, வருஷக்கணக்குல உழைச்சு, பெரிய பெரிய கதை கேம் எல்லாம் வந்துச்சு. மறுக்கல. அந்த கேமுக்கு ஒரு விலை, கொடுத்தா முடிஞ்சுது. அதனாலதான் சொல்றேன், எக்ஸ்குளூசிவ் ஒரு பணக்கார வீட்டுப் பிரச்சினை. கிடைக்கலைன்னா ஏக்கம் வரும், அவ்வளவுதான். கடன் வராது.

*

கடன் வர்ற இடம் வேற.

2006-ல ஆப்லிவியன்னு ஒரு கேம்ல குதிரைக்குக் கவசம் வித்தாங்க. எக்ஸ்பாக்ஸ்ல இரண்டரை டாலர். "குதிரைக்குச் சட்டை போட காசா?"ன்னு உலகமே சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே வாங்கவும் செஞ்சுது. இன்னிக்கு நம்ம பசங்க ஆடற போன் கேம்ல குதிரைக்கு மட்டும் இல்ல, துப்பாக்கிக்கு, பைக்கு, பாராசூட்டுக்கு எல்லாத்துக்கும் சட்டை இருக்கு.

எல்லாத்தையும் ஒரே குச்சியால அடிக்கக் கூடாது. உள்ள இருக்கற கடையில மூணு ரகம் இருக்கு.

1. விலை எழுதி வெச்ச கடை. சிவப்புச் சட்டை இவ்வளவு ரூபாய். பிடிச்சா வாங்கு. இதுல எனக்குச் சண்டை இல்ல. கேம் பண்றவனும் எங்களை மாதிரி பொட்டி தட்டறவன்தான், அவனுக்கும் சம்பளம் வரணும்.

2. காசு கொடுத்தா பலம். நூறு ரூபா கொடுத்தவன் துப்பாக்கி, கொடுக்காதவன் துப்பாக்கியை விட வேகமா சுடும். கபடில காசு கொடுத்தவனுக்கு ரெண்டு மூச்சுன்னு சொன்னா ஒத்துக்குவோமா? 2017 நவம்பர்ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2 இதைத்தான் பண்ணப் பார்த்துச்சு. அதுக்கு ஈஏ கம்பெனி கொடுத்த ஒரு விளக்கத்துக்கு 6 லட்சத்துக்கு மேல எதிர் ஓட்டு விழுந்துச்சு. கேம் வெளியாக சில மணி நேரம் இருக்கும்போது உள்கடையை இழுத்து மூடினாங்க. ரசிகர்கள் ஒண்ணு சேர்ந்தா நடக்கும்ங்கறதுக்கு அது சாட்சி.

3. குலுக்கல். லூட் பாக்ஸ்னு சொல்றது இதைத்தான். பொட்டியைக் காசு கொடுத்துத் திறக்கணும். உள்ள என்ன இருக்குன்னு திறந்தாத்தான் தெரியும். எங்க பையன் பணம் முக்கால்வாசி போனது இங்கதான்.

குலுக்கலுக்குத் துணையா இன்னொரு வேலை நடக்குது. ரூபாய்ல விலையே இருக்காது. முதல்ல ரூபாயைக் காயினா மாத்தணும். சட்டை 100 காயின்னா, காயின் 60, 300-னுதான் கிடைக்கும். ரெண்டு 60 வாங்கினா 20 மிச்சம். அடுத்த சட்டைக்கு அந்த 20-ஓட இன்னும் ரெண்டு 60, இப்ப 40 மிச்சம். பெரும்பாலும் ஏதோ ஒண்ணு மிச்சம் இருக்கற மாதிரியே கணக்கு. சந்தைல தக்காளி வாங்கப் போனா, "கிலோ 7 சோழி, சோழி 5-5ஆத்தான் தருவேன்"னு ஒருத்தன் சொன்னா எங்கம்மா கூடையை அவன் தலைல கவுத்துட்டு வந்துடுவாங்க.

இதெல்லாம் தெரியாம நடக்கற தப்பு இல்ல. நானே ஒரு ஆப் கம்பெனில குப்பை கொட்டறவன். எந்தக் கலர் பட்டனை நிறைய பேர் அமுக்கறாங்கன்னு பாதிப் பேருக்கு ஒண்ணு, மீதிப் பேருக்கு இன்னொண்ணு காட்டி டெஸ்ட் பண்ற வேலையை நானும் பண்ணியிருக்கேன். அதனால அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவன் என்ன யோசிச்சிருப்பான்னு எனக்குத் தெரியும். அமெரிக்காவுல ஃபோர்ட்நைட் பண்ற எபிக் கம்பெனி, பட்டனை ஏடாகூடமா வெச்சு வேணாம்னு நினைச்சவங்களையும் வாங்க வெச்சதுன்னு புகார் ஆகி, 2022 டிசம்பர்ல 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒத்துக்கிச்சு. குழந்தைங்க பெத்தவங்களைக் கேக்காம வாங்கினதுக்காக ஆப்பிளும் 2014-ல 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பித் தர வேண்டி வந்துச்சு.

*

இப்ப விஷயத்துக்கு வரேன்.

நம்ம தமிழ்நாட்டுல 2003-ல லாட்டரியை ஒழிச்சுக் கட்டினோம். கூலி வாங்கினதும் நேரா சீட்டுக் கடைக்குப் போனவங்க, நாளைக்கு விழும் நாளைக்கு விழும்னு வீட்டை வித்தவங்க கதையெல்லாம் எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். அப்புறம் ஆன்லைன் ரம்மி வந்துச்சு, உயிர்கள் போச்சு. 2022-ல சட்டம் போட்டு, அது கவர்னர்கிட்ட போய், திரும்பி வந்து, கோர்ட்டுக்குப் போய்னு இழுத்துச்சு. 2025-ல பணம் கட்டி ஆடற விளையாட்டுக்கு ஆதாரைச் சரிபார்க்கணும், ராத்திரி 12 மணிலேர்ந்து காலைல 5 வரைக்கும் உள்ள விடக்கூடாதுன்னு தமிழ்நாடு விதி போட்டுச்சு, ஜூன்ல சென்னை ஹைகோர்ட்டும் செல்லும்னு சொல்லிச்சு. ஆகஸ்ட்ல மத்திய அரசே பணம் வெச்சு ஆடற ஆன்லைன் விளையாட்டை நாடு முழுக்கத் தடை பண்ணிச்சு. எல்லாம் சரி. வரவேற்கிறேன்.

ஆனா இந்தச் சட்டங்களோட குறி எங்க இருக்கு பாருங்க. காசு கட்டி, அதுக்குப் பதிலா காசோ காசு மதிப்புள்ளதோ ஜெயிக்கலாம்னு ஆடற ஆட்டம்தான் குறி. எங்க பையன் கட்டினது காசு. குலுக்கல்ல விழறது? ஒரு படம். அதை விக்க முடியாது, மாத்த முடியாது, அவன் அக்கவுண்ட்டைப் பூட்டினா அதுவும் போச்சு. திரும்பக் காசா வராதுங்கறதால அது குறிக்குள்ள நேரா சிக்காம நழுவிடுது.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. லாட்டரில கோடில ஒருத்தனுக்காவது பணம் விழுந்துச்சு. இதுல யாருக்குமே, எந்தக் காலத்துலயும், ஒரு ரூபா கூட விழாது. லாட்டரியை விட மோசமான சீட்டு, மோசமா இருக்கறதாலேயே தப்பிச்சுக்குது. இதுதான் எனக்கு ஜீரணிக்க முடியல.

மத்த நாட்டுக்காரன் இதைக் கவனிக்காம இல்ல. ஜப்பான்ல, குலுக்கல்ல விழற சீட்டையெல்லாம் ஒரு செட்டா சேர்த்தாத்தான் பெரிய பரிசுங்கற முறையை 2012-லயே சட்டவிரோதம்னாங்க. பெல்ஜியம் 2018-ல காசு கொடுத்துத் திறக்கற பொட்டி சூதாட்டம்தான்னு சொல்லிச்சு. சைனாவுல 2017 மே மாசத்துலேர்ந்து எந்தப் பரிசு விழ எவ்வளவு வாய்ப்புன்னு வெளில சொல்லியாகணும்.

"அப்ப ஃப்ரீ கேமையே தடை பண்ணச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்ல. இதை எழுதும்போது எனக்கு இடிக்கற இடமும் அதுதான். கல்வராயன் மலைல வெள்ளிமலைப் பக்கம் டவர் கிடைக்கற மேடு தேடிப் போய் ஆடற பையனுக்கு, 54,990 ரூபா பொட்டி இந்த ஜென்மத்துல கிடைக்காது. அவனுக்கும் சென்னைப் பையனுக்கும் ஒரே மைதானத்துல எடம் கொடுத்தது இந்த ஃப்ரீ கேம்தான். பப்ஜியை 2020 செப்டம்பர்லயும் ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரிலயும் தடை பண்ணாங்க. காரணம் உள்கடை இல்ல, நாட்டுப் பாதுகாப்பு. பசங்க அடுத்த கேமுக்குப் போனாங்க, அங்கயும் அதே கடை. கேமைத் தடை பண்றது தீர்வு இல்ல. கடைக்கு விதி வேணும்.

எனக்குத் தோணறது இவ்வளவுதான்:

காயினெல்லாம் வேணாம், விலையை ரூபாய்ல எழுது. குலுக்கல் இருந்தா, விழற வாய்ப்பு எவ்வளவுன்னு பட்டனுக்குப் பக்கத்துலயே தமிழ்ல போடு. 18 வயசுக்குக் கீழ இருந்தா குலுக்கலே கூடாது. மாசத்துக்கு இவ்வளவுதான்னு பெத்தவங்க ஒரு வரம்பு வெக்கற வசதி இருக்கணும். ஓசில ஆடறவங்களையும் வெச்சு இப்படி ஒரு கேமை நடத்த முடியாதுன்னு எவனாவது சொன்னா, அவன் விக்கறது கேம் இல்ல, குலுக்கல்.

நேர்மையா விக்க முடியும்ங்கறதுக்கு நம்ம ஆளுங்களே உதாரணம் இருக்காங்க. டொரண்டோல இருக்கற விசை கேம்ஸ் 2023 ஜூலைல 'வெண்பா'ன்னு ஒரு கேம் விட்டாங்க. கனடாவுக்குக் குடியேறின ஒரு தமிழ் அம்மா, கறை படிஞ்சு பாதி அழிஞ்சு போன சமையல் நோட்டை வெச்சுக்கிட்டு இட்லி சுடறதுலேர்ந்து ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாத்துலயும் ஒரே நாள்ல. ஒரு விலை. உள்ள கடை கிடையாது. ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும். 2024-ல பாஃப்டா விருதே வாங்கிச்சு. அதை ஆடி முடிச்ச ராத்திரி நான் ஊருக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட சும்மா பேசிக்கிட்டிருந்தேன். எந்த ஸ்கின்னும் எனக்கு அதைச் செஞ்சதில்ல.

*

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அக்கா அடிச்சு முடிச்சிருந்தா. நான் அடிக்கல. அவனையும் ஒரு மஞ்சப் பையையும் கூட்டிக்கிட்டு மலைக்கோட்டை அடிவாரத்துல போய் உக்காந்தேன். பைல எண்ணி 100 புளியங்கொட்டை. ஒண்ணுல மட்டும் சுண்ணாம்புப் பொட்டு.

"டேய், உன் கேம்ல அந்தத் துப்பாக்கி விழ நூத்துல ஒரு வாய்ப்புன்னு வெச்சுக்கோ. பார்க்காம ஒண்ணு எடு. பொட்டு இல்லைன்னா திரும்பப் போட்டுக் குலுக்கு. நூறு தடவை எடு."

"நூறு தடவை எடுத்தா கண்டிப்பா வந்துடும் மாமா."

எடுத்தான். நூறும் முடிஞ்சுது. வரல. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். 64-ஆவதுல வந்துச்சு. கணக்கைச் சொன்னேன். நூறு பேர் இப்படி நூறு நூறு தடவை எடுத்தா, சுமார் 37 பேருக்கு ஒரு தடவை கூட வராது. ஒரு தடவைக்கு 20 ரூபான்னா, ஆளுக்கு 2,000 ரூபா போட்டுட்டு வெறும் கையோட வீட்டுக்குப் போவாங்க.

ரொம்ப நேரம் கொட்டையையே பார்த்துக்கிட்டிருந்தான். "அப்ப வரும்னு ஏன் மாமா சொல்றாங்க?"

"அவங்க வரும்னு சொல்லவே இல்லடா. வரலாம்னாங்க. வரும்னு நினைச்சது நீ."

பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்தக் கேம் கம்பெனிக்கு எழுதினேன். ரெண்டு வாரம் கழிச்சு, பொருள் ஏற்கனவே பயன்படுத்தப்பட்டுவிட்டதுன்னு பதில் வந்துச்சு. குழுத் தவணையை நான் கட்டினேன். பின்னை மாத்தினோம், இந்தத் தடவை அக்காவே போட்டா. கேமை அழிக்கச் சொல்லல. நானும் இவன் வயசுல விடிய விடிய ஆடினவன்தானே.

பஸ் ஏறும்போது ஓடி வந்து மெதுவா கேட்டான்:

"மாமா, என் அக்கவுண்ட்ல இன்னும் 40 காயின் மிச்சம் இருக்கு. இன்னொரு 60 மட்டும் வாங்கினா சரியா நூறாயிடும். இல்லைன்னா அது வேஸ்ட்டாயிடுமே மாமா?"

பதில் சொல்றதுக்குள்ள பஸ் கிளம்பிடுச்சு.

டிஸ்கி: பிளேஸ்டேஷன் கட்சி, எக்ஸ்பாக்ஸ் கட்சி ரெண்டு பேருமே கும்ம வரலாம், தடுக்க மாட்டேன். ஆனா கும்மறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. உங்க வீட்டுப் பொடிசு ஆடற 'ஃப்ரீ' கேம் பேரைக் கேட்டுக்கிட்டு, உங்க ஸ்டேட்மெண்ட்ல மூணு மாசத்தைத் தேடிப் பாருங்க. என்ன கிடைச்சுதுன்னு வந்து சொல்லுங்க.